நாதஸ்வரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம்பிள்ளை

ஈழத்துச் சைவ மக்களுக்குத் திருவாவடுதுறை என்னும் பெயர் புதியதன்று. திருமூலநாயனார் யோகத்தமர்ந்து திருமந்திரம் அருளிய தலம் என்று சமயபாடத்தில் நாம் படித்த ஊர் அது. நல்லூர் ஆறுமுகநாவலருக்கு 1849ஆம் ஆண்டில் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியதும் அவ்வூர் ஆதீனமேயாகும். அந்த ஆதீனத்தின் வித்துவானாக விளங்கி, தம் பெயரோடு அவ்வூர்ப் பெயரையும் கடல் கடந்த நாடுகளுக்குக் கொண்டுசென்றவர் நாதஸ்வர வித்துவான் இராஜரத்தினம்பிள்ளை அவர்கள்.

விழாமலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதுமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தபோது, புலவர் ஒருவரையோ கல்விமான் ஒருவரையோ எழுதாது மேளகாரர் ஒருவரை எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பைத் தரலாம். அந்த வியப்பு எழுகின்றதே, அதுதான் இதனை எழுதத் தூண்டியது. கோயில் என்றால் மேளம், கலியாணம் என்றால் மேளம் என்று வாழும் நாம், அந்த மேளத்தை வாசிப்பவரின் பெயரைக் கேட்டறிவது அரிது. நோட்டீசில் உபயகாரரின் பெயர் பெரிய எழுத்திலும் வித்துவானின் பெயர் சிறிய எழுத்திலும் இருந்த காலத்தை நம்மில் மூத்தோர் அறிவர். அந்நிலையை ஒரு மனிதர் தம் குழலின் வலியாலும், அதற்குச் சற்றும் குறையாத பிடிவாதத்தாலும் மாற்றினார்.

(நாகசுரம் என்பதே பழைய வழக்கென ஆராய்ச்சியாளர் கூறுவர். நம் நாட்டில் யாவரும் நாதஸ்வரம் என்றே வழங்குதலின் நாமும் அவ்வாறே எழுதுகின்றோம்.)

இராஜரத்தினம்பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27ஆம் திகதி சோழநாட்டுத் திருமருகலிற் பிறந்தார். விடந்தீண்டி இறந்த வணிகனைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பிய அதே திருமருகல்தான். தந்தையார் குப்புசாமிப்பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பிள்ளைக்கு முதலில் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனாராகிய நடேசபிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்து நாதஸ்வர வித்துவான். அவருடைய ஆதரவில் வளர்ந்தமையால் மருகலிற் பிறந்த பிள்ளை ஆவடுதுறைப் பிள்ளை ஆயிற்று; பாலசுப்பிரமணியம் என்ற பெயரும் மறைந்து இராஜரத்தினம் என்பது நிலைத்தது.

அவருடைய வாசிப்பின் இயல்பை விளங்கிக்கொள்வதற்கு அவர் கல்விபெற்ற முறை நமக்கு மிகவும் உதவுகின்றது. மேளகாரர் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் சிறுவயதிலேயே குழலைக் கையிற்பிடித்து, பெரியவர்களுக்குப் பக்கவாத்தியமாக நின்று, கேட்டுக் கேட்டுப் பழகுவர். இவரோ முதலில் வாய்ப்பாட்டுப் பயின்றார். திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பாடம் கேட்டார். கிருஷ்ணையர் அக்காலத்தில் வயலின் வாசிப்பிற் பெரும்புகழ் பெற்றவர். அவர் 1913ஆம் ஆண்டு காலமானபோது மாணவருக்குப் பதினைந்து வயதளவிலேயே இருக்கும். அதன் பின்னரே மார்க்கண்டேயம்பிள்ளையிடமும், தவில் வித்துவானாகிய அம்மாசத்திரம் கண்ணுசாமிப்பிள்ளையிடமும் நாதஸ்வரப் பயிற்சி நடந்தது. பாட்டுக்காரரின் தொண்டை, வயலின்காரரின் வில், தவிற்காரரின் லயம் ஆகிய மூன்றும் குழலுக்குள் புகுந்தன என்று சொன்னால் அது வெறும் அலங்காரமன்று. இவருடைய வாசிப்பைக் கேட்போர் எவரும், குழல் ஊதப்படுகின்றது என்பதை மறந்து, யாரோ பெருங்குரலெடுத்துப் பாடுகின்றார் என்று எண்ணிவிடுவதற்கு இதுவே காரணமென்பது நம் கருத்து.

இங்கே வாத்தியத்தைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் கல்லூரி மாணவர்களிற் பலர் நாதஸ்வரத்தைத் தொலைவிற் பார்த்திருப்பரேயன்றித் தொட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆச்சா மரத்திற் கடைந்த நீண்ட குழல், மேலே கெண்டை, அதிற் செருகிய சீவாளி, கீழே விரிந்த அணசு. சீவாளி என்பது காவிரிக்கரையில் விளையும் நாணலிற் செய்யப்படுவது. காய்ச்சிப் பதப்படுத்தி, தட்டி, நூலாற் கட்டி அதனை உருவாக்குவர். வித்துவானின் உதட்டுக்கும் குழலுக்கும் இடையே இருக்கும் அந்தச் சிறு துண்டிலேதான் எல்லா மாயமும் இருக்கிறது. குழலில் விரலால் மூடித்திறக்கும் துளைகள் ஏழு. எனினும் துளை சுருதியை முற்றாக நிர்ணயிப்பதில்லை. உதட்டைச் சிறிது இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். மூச்சின் வேகமும் அதனை அசைக்கும். ஆகவே ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் படியேறிச் செல்லாமல், வழுக்கிச் செல்லலாம். வழுக்கிச் செல்வது எளிது. வழுக்கிச் சென்று சரியான இடத்தில் நிற்பதுதான் அரிது.

வானொலியில் மெல்லிசைக்கிடையே ஒலிக்கும் ஹவாய் கித்தாரை நம்மிற் பலர் கேட்டிருப்போம். கித்தாரை மடியிற் கிடத்தி, உருக்குத் துண்டொன்றை நரம்புகளின் மேல் வழுக்கவிட்டு வாசிப்பது அது. ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு என்பவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பள்ளி மாணவராயிருந்தபோதே அம்முறையைக் கண்டார் என்பர். நம்மவர் கோட்டுவாத்தியத்தில் மரத்துண்டொன்றைக்கொண்டு அவ்வாறே வாசிக்கின்றனர். இவ்வாத்தியங்களைக் கேட்கும்போது நெஞ்சு உருகுவது ஏன்? சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையிலுள்ள வெளியை அவை விட்டுவிடாமல் நிரப்புகின்றன. மனிதன் அழும்போதும், தாய் பிள்ளையைத் தாலாட்டும்போதும் குரல் அவ்வாறே செல்கிறது. நரம்பில் உருக்குத் துண்டு செய்யும் வேலையை நாதஸ்வரத்தில் உதடு செய்கின்றது. ஆனால் நரம்பு மீட்டியவுடன் தேயத் தொடங்கும். குழலோ மூச்சுள்ளவரை தேயாது. அந்த வழுக்கலையும் அந்தத் தேயாமையையும் சேர்த்து ஆண்டவர் இராஜரத்தினம்பிள்ளை.

அவர் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் வழக்கிலிருந்தது திமிரி என்னும் குட்டையான நாதஸ்வரம். அதன் சுருதி நான்கு கட்டை, ஐந்து கட்டையென உயர்ந்து நிற்கும். ஒலிபெருக்கி இல்லாத நாளில், நான்கு வீதிக்கும் அப்பால் வயலில் நிற்பவனுக்கும் சுவாமி புறப்பட்ட செய்தியை அறிவிக்க அதுவே ஏற்றது. ஆயினும் அதிற் சுத்த மத்திமம் சரியாகப் பேசாத குறையொன்று இருந்தது. நரசிங்கம்பேட்டை என்னும் ஊரில் நாதஸ்வரம் செய்யும் ரங்கநாத ஆசாரியார் நீண்டநாள் முயன்று, நீளங்கூடிய, சுருதி தாழ்ந்த, மத்திமம் சுத்தமாகப் பேசும் பாரி நாதஸ்வரத்தை உருவாக்கினார். இது 1934ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது. இராஜரத்தினம்பிள்ளையின் தூண்டுதலும், வாசித்துப்பார்த்துக் குறைகூறித் திருத்துவித்த பொறுமையும் அதன் பின்னால் இருந்தன. இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் இறங்கியதும் குழலின் குரல் தடித்தது; கூர்மை குறைந்து கம்பீரம் கூடியது. அதே ஆண்டுகளில் ஒலிபெருக்கியும் ஊர்தோறும் வரத்தொடங்கியமை நற்காலமே. தூரத்துக்குக் கேட்கவேண்டுமென்ற கவலையை ஒலிபெருக்கி ஏற்றுக்கொண்டதனால், வித்துவான் மென்மையையும் வாசிக்கலாயினார். புதுக் குழல் வந்தபோது பழைய மேளகாரரிற் சிலர் அதனை ஏற்கவில்லை. இன்று நம் கோயில்களில் ஒலிப்பது பாரியே.

இனி அவருடைய தோடிக்கு வருவோம். தோடி என்றாலே இராஜரத்தினம், இராஜரத்தினம் என்றாலே தோடி என்று இரண்டு தலைமுறையினர் சொல்லிவந்தனர். தோடி எட்டாவது மேளகர்த்தா. அதன் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைக்காமல் நிறுத்தினால் தோடி தோடியாக இராது. ஆர்மோனியப் பெட்டியில் தோடியை வாசித்துப்பாருங்கள். எலும்புக்கூடு மாத்திரம் கிடைக்கும். சுரங்கள் யாவும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, அசைந்து, நழுவிக்கொண்டிருக்கும் இராகம் அது. நழுவலே உயிரான இராகமும் நழுவலே இயல்பான குழலும் சந்தித்தது ஒரு பொருத்தம்.

அவர் தோடி வாசிக்கும் முறையை இசைத்தட்டுகளிலும் ஒலிப்பதிவுகளிலும் பன்முறை கேட்டு நாம் உணர்ந்தவற்றை இங்கே கூறுகின்றோம். முதலில் அவர் அவசரப்படுவதில்லை. கீழே ஓரிரு சுரங்களைத் தொட்டு, கதவைத் திறந்துவிட்டு விலகி நிற்பவர்போல நிற்பார். பின்னர் காந்தாரத்தை எடுப்பார். எடுத்தவுடன் முழுவதையும் கொடுத்துவிடமாட்டார். அசைவை வரவரப் பெரிதாக்குவார். கேட்பவனின் மூச்சும் அதனோடு அசையத் தொடங்கும். அதன் பிறகு, எதிர்பாராத ஓரிடத்தில், மின்னல்போல் ஒரு பிருகா, மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் இறங்கும். ஒவ்வொரு சுரமும் தனித்தனி மணியாகக் கேட்கும். ஆயினும் நூல் அறாது. துத்துகாரமும் விரலடியும் அத்துணை வேகத்திற் கலந்திருந்தும், அவை தொழில்நுட்பமாக நம் காதில் விழுவதில்லை. பிருகா முடிந்ததும் மேற்சட்சத்தில் ஒரு கார்வை. அந்தக் கார்வையைக் கேட்கும்போது அது முடியக்கூடாதென்றும், முடிந்தாற்றான் நாம் மூச்சுவிடலாமென்றும் ஒருங்கே தோன்றும்.

அந்த நாதத்தின் மெய்ப்பாட்டை எவ்வாறு பெயரிடுவது? சோகமென்று சொல்ல நமக்கு மனமில்லை. சோகத்திற் கெஞ்சுதல் உண்டு. இவருடைய குழல் எவரையும் கெஞ்சியதில்லை. வீரமென்றால் உருக்கம் விடுபட்டுப்போகும். பெருமிதமுடைய ஒருவர், தாம் இழந்ததொன்றை யாரிடமும் சொல்லாமல் நினைக்கும்போது அவருடைய முகத்தில் ஒரு சாயல் தோன்றுமே, அது இந்தத் தோடியில் உண்டு. கலியாணியை வாசித்தாலும் காம்போதியை வாசித்தாலும் அந்தச் சாயல் எங்கேனும் ஓரிடத்தில் வந்து போகும். கீர்த்தனங்களைச் சொற்கள் கேட்பதுபோன்ற சுத்தத்துடன் வாசிப்பதில் திருவீழிமிழலைச் சகோதரர்கள் புகழ்பெற்றவர்கள்; அந்தத் துறையில் அவர்களையே நாம் முதலில் வைப்போம். இவருடைய ஆட்சி இராக ஆலாபனையில். சொல்லில்லாத இடத்திலேதான் அவர் முழுவதாகத் தெரிகின்றார்.

இது தனிமனிதர் கண்டுபிடித்த வழியன்று என்பதையும் சொல்லவேண்டும். திருவிழா இரவுகளில் சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி ஒலிக்கும். பின்னர் வீதிக்கு வீதி சுவாமி நின்று நின்று செல்ல, மேளம் ஓர் இராகத்தை எடுத்து மணிக்கணக்கில் விரிக்கும். சபையிற் பாடுபவருக்கு அத்துணை நேரமும் இல்லை. அத்துணை பொறுமையுள்ள சனமும் இல்லை. மணலில் துண்டை விரித்துப் படுத்தபடி விடியும்வரை கேட்டுக்கொண்டிருக்கும் சனம் கோயில் வீதியில் மாத்திரமே உண்டு. கருநாடக இசையில் இராக ஆலாபனை இவ்வளவு வளர்ந்தமைக்கு வீதிமேளம் பெருங்காரணம். பின்னாளிற் சபைகளிற் கொடிகட்டிப் பறந்த ஜீ. என். பாலசுப்பிரமணியம், செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலியோரின் ஆலாபனையில் இராஜரத்தினம்பிள்ளையின் சாயலைக் காண்பது கடினமன்று. பாட்டுக்காரர் மேளகாரரிடம் கற்றனர். ஆனால் மேடையில் அமர்ந்தவர் பாட்டுக்காரர். வாசலில் நின்றவர் மேளகாரர்.

இந்த அநீதியை இராஜரத்தினம்பிள்ளை பொறுக்கவில்லை. அக்காலத்தில் நாதஸ்வர வித்துவான் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெற்று மார்புடன், நின்றோ நடந்தோ வாசிக்கவேண்டும். கலியாண வீட்டிற் பந்தலின் ஓரமே அவருக்கு இடம். இவர் குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். காதில் வைரக் கடுக்கன் அணிந்தார். பட்டுச் சட்டையும் நீண்ட அங்கியும் தரித்தார். பாட்டுக்கச்சேரிக்குப் போடுவதுபோன்ற மேடை தமக்கும் போடவேண்டும், அதில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். ஒத்துக்குப் பதிலாகத் தம்பூராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம்பிள்ளையைப்போன்ற தவில் மேதைகள் அவருக்கு வாசித்தனர். பெருந்தொகை கேட்டார், கேட்டதைப் பெற்றார். அவர் பணத்தாசை பிடித்தவர் என்று அன்று பலர் பேசினர். தாம் கேட்கும் தொகை, தம் பின்னால் வரும் எளிய மேளகாரன் ஒருவனுக்கு நாளை கிடைக்கப்போகும் தொகையை உயர்த்தும் என்பதை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, நடந்தது அதுவே.

இதனை வாசிக்கும் இளைஞர்கள், சட்டையும் மேடையும் இத்துணை பெரிய காரியமா என்று எண்ணக்கூடும். நாம் மாணவராயிருந்த காலத்தில், வன்னியிலுள்ள ஒரு கோயிலின் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மேளம் வந்தது. அந்நாளில் வன்னிக் கோயில்கள் பெரும்பாலும் அங்கிருந்தே மேளம் வருவித்தன. முதிய வித்துவான் ஒருவர், இரவு முழுவதும் வாசித்துக் களைத்து, மண்டபத்தோரத்திற் கிடந்த கதிரையொன்றில் அமர்ந்தார். உபயகாரர் ஒருவர் வந்து, அது பெரியவர்களுக்குப் போட்ட கதிரை என்று சொல்லி அவரை எழுப்பினார். வித்துவான் ஒன்றும் பேசாது எழுந்து, தூணோரம் நிலத்தில் அமர்ந்து, சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அங்கு நின்ற மாணவர்களாகிய நாமும் பேசவில்லை. அடுத்த பூசைக்கு மணி அடித்தபோது அவர் எழுந்து வாசித்தார். முதல்நாளிற்போலவே நன்றாக வாசித்தார். இராஜரத்தினம்பிள்ளையாயிருந்தால் குழலைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு புறப்பட்டிருப்பார். எல்லோராலும் அவ்வாறு புறப்பட முடியாது. புறப்படக்கூடிய ஒருவர் இருந்தமையாற்றான், புறப்பட முடியாத பலருக்குப் பின்னாளிற் கதிரை கிடைத்தது.

அவருடைய புகழின் விவரங்களை நீட்டவேண்டியதில்லை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று மக்கள் அழைத்தனர். 1940ஆம் ஆண்டில் எல்லிஸ் டங்கன் இயக்கத்தில் வெளிவந்த காளமேகம் என்னும் சினிமாப் படத்தில் அவரே காளமேகப் புலவராக நடித்தார். நடிப்பைப்பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மேளகாரர் ஒருவரின் பெயருக்காகவே படம் எடுக்கத் துணிந்த காலம் வந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. 1947 ஆகஸ்டில் இந்தியா சுதந்திரம் பெற்ற வேளையில், திருவாவடுதுறை ஆதீனத்தார் டில்லிக்கு அனுப்பிய குழுவினருடன் சென்று அங்கும் வாசித்தார். தலைநகரில் அந்நாளில் எத்தனையோ வாத்தியங்கள் முழங்கியிருக்கும். காவிரிக்கரை நாணலும் அவற்றிடையே ஒலித்தது. ஈழத்துக்கும் அவர் வந்து வாசித்ததுண்டு.

குறைகளையும் மறைக்கக்கூடாது. அவர் செருக்குடையவர் என்று பெயரெடுத்தார். முன்கோபி. கைக்கு வந்த பொருளைக் கணக்கின்றிச் செலவிட்டார். அவரை அமர்த்தியவர்கள் கச்சேரி தொடங்கும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த கதைகள் பலவுண்டு. பலமுறை மணந்தும் இல்வாழ்க்கை அமைதியாய் அமையவில்லை. அவருடைய செருக்கினை அவர் குலத்துக்கு இழைக்கப்பட்ட அவமதிப்புக்கு விடையென்று நாம் மேலே கூறினோம், அது உண்மையே. எனினும் செருக்கு முழுவதும் அவ்வாறானதன்று. சிறந்த தம்மவரிடத்தும் அவர் கடுமை காட்டியதுண்டு. மேதைகள் என்றால் இவ்வாறுதான் இருப்பர் என்று சொல்லி மாணவர்களுக்குத் தவறான பாடம் கற்பிக்க நாம் விரும்பவில்லை. திருவீழிமிழலைச் சகோதரர்கள் அமைதியாக வாழ்ந்தே மேதைகளாயினர்.

1956ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 12ஆம் திகதி அவர் இவ்வுலகை நீத்தார். வயது 58. அவருடன் பல்லாண்டு பக்கத்திலிருந்து வாசித்துப் பழகிய காருகுறிச்சி அருணாசலம் அவ்வழியின் வாரிசாயினார். 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை என்னும் படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டு ஒலித்த அவருடைய நாதஸ்வரத்தை இலங்கை வானொலி நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. குருவின் குழலிற் கம்பீரம் முன்னிற்கும். சீடரின் குழலில் இனிமை முன்னிற்கும். குருவைக் கேட்டு அஞ்சி விலகியவர்களும் சீடரைக் கேட்டு நெருங்கிவந்தனர். ஆனால் சீடரும் 1964ஆம் ஆண்டில், நாற்பத்துமூன்று வயதளவில் மறைந்தார். குருவுக்குப்பின் எட்டு ஆண்டுகளே.

ஈழத்தில் இந்த வழி வேறொரு முறையில் வேரூன்றியது. திருவிழாக் காலங்களில் யாழ்ப்பாணத்துக் கோயில்கள் தஞ்சாவூர் வித்துவான்களை வருவித்து, நம்மவர் மேளங்களோடு ஒன்றாக அமர்த்தி மேளச்சமா வைத்தன. அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரமும், 1975இல் மறைந்த தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியின் தவிலும் அந்த மேளச்சமாக்களின் சூழலில் மலர்ந்தவை. தெட்சணாமூர்த்தியின் கையைக் கேட்கத் தமிழகத்து வித்துவான்களே காத்திருந்தனர் என்பது ஈழத்தவராகிய நமக்குப் பெருமை.

வன்னியின் நிலை சற்று வேறு. நம்முடைய பழைய வழிபாட்டில் பறையும் உடுக்குமே முதலிடம் பெற்றவை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குச் சென்றவர்களுக்கு அவ்வொலியின் வலிமை தெரியும். முள்ளியவளைக் கோவலன் கூத்துக்கு மத்தளம் வேண்டும், நாதஸ்வரம் வேண்டாம். ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயில்போன்ற ஆலயங்களின் மகோற்சவங்களோடும், இரணைமடுக் குளத்து நீரை நம்பி வந்த குடியேற்றங்களின் புதிய கோயில்களோடும் பெரியமேளம் இங்கே பரவியது. காட்டோரத்துக் கோயிலொன்றில், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், மேளம் நின்றபின் தூரத்தில் மயில் அகவுவதைக் கேட்ட அனுபவம் நம்மூரவர்க்கே உரியது. யாழ்ப்பாணத்து வித்துவான் ஒருவர் ஒருமுறை அந்த மயிலின் குரலைக் கேட்டுவிட்டு, அதே சுருதியிற் பிடித்து விளையாட்டாக ஒரு சிறு இழுப்பு இழுத்துக் காட்டியது நம் நினைவில் இருக்கிறது.

பின்னர் வந்த ஆண்டுகளைப்பற்றி நம் வாசகருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, நாம் சேர்த்துவைத்திருந்த இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் வீட்டோடு போயின. கோயில்கள் பல பூசையின்றிக் கிடந்தன. மீளக் குடியமர்ந்தபின், கூரை வேயாத கோயிலொன்றில் முதன்முதல் நடந்த கும்பாபிஷேகத்தன்று, ஒரு கூட்டம் மேளமே வந்தது. இளைஞர் இருவர், தவில் ஒன்று. அவர்கள் தோடி வாசிக்கவில்லை. மல்லாரியை மாத்திரம் வாசித்தார்கள். சனம் நின்றபடியே அழுதது. அன்று அவர்களுக்கு இருக்கக் கதிரை போட்டிருந்தது என்பதையும் நாம் கவனித்தோம்.

இராஜரத்தினம்பிள்ளையின் தோடி இப்போது எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் கிடைக்கின்றது. மாணவர்கள் கேட்கவேண்டும் என்பது நம் விருப்பம். எவ்வாறு கேட்பது என்று மாத்திரம் சொல்லிவைப்போம். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஓடும். கோயில் வீதியில் மூன்று மணிநேரம் விரிந்த இராகத்தை அவர் அந்தச் சிறு தட்டின் இருபக்கங்களுக்குள் அடக்கவேண்டியிருந்தது. ஆகவே அதில் அவசரம் சிறிது இருக்கும். பழுதுபட்ட தட்டின் இரைச்சலும் இருக்கும். முதன்முறை இரைச்சல்தான் கேட்கும். இரண்டாம் முறை பிருகா கேட்கும். மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு, அவர் மூச்செடுக்கும் இடங்களைத் தேடுங்கள். அவ்விடங்கள் மிகச்சில, அவற்றைக் கண்டுபிடித்தால், எங்கே அவர் அழுத்துகின்றார், எங்கே நழுவவிடுகின்றார் என்பது தாமாகவே தெரியவரும்.

நரசிங்கம்பேட்டையில் இன்றும் நாதஸ்வரம் கடைகின்றார்கள். 2022ஆம் ஆண்டில் அவ்வூர் நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. புதிதாக வெட்டிய ஆச்சா மரத்தை அவர்கள் விரும்புவதில்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் வாங்கி, அந்த முற்றிய மரத்திலேயே குழல் கடைகின்றார்கள்.